எகோன் மாட்டெஸின் நாற்றமில்லாத வீடு

எகோன் மாட்டெஸ் தன் ஆயுளில் ஒரு முட்டைகூடப் பொரித்தவன் இல்லை. ஆனாலும் நெக்கார் ஆற்றை ஒட்டிய எங்கள் ஊரில், சரிவின் மேலே எழும்பிய புது வீடுகள் பலவற்றில் இருக்கும் சமையலறை அவன் விற்றதுதான். அவன் கடையில் நான் வெகுகாலம் வேலை பார்த்தேன். முதலாளியை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்குக் கை வரவில்லை.

என் வேலை சமைப்பது. யாரும் சாப்பிடுவதற்காக அல்ல. சனிக்கிழமை தோறும் ஷோரூமின் நடுவிலுள்ள மேடையில் நின்று மீனோ இறைச்சியோ வறுக்க வேண்டும். தலைக்கு மேலே சிம்னி கிடையாது. அடுப்பின் நடுவிலேயே ஒரு வாய் இருக்கும். அதற்குள் சுழலும் விசிறி, புகையையும் ஆவியையும் கீழ்நோக்கி இழுத்து, மேடைக்கு அடியில் ஓடும் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும். வாணலியிலிருந்து எழும்பிய புகை ஒரு கணம் தயங்கி, குனிந்து, அந்த வாய்க்குள் போவதைப் பார்த்து வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். எகோன் அந்தக் கணத்துக்காகவே காத்திருப்பான்.

“பாத்தீங்களா? இனிமே உங்க தலைக்கு மேல தகர டப்பா தொங்க வேண்டியதில்ல.”

உயரமான பானையை நான் தொடக் கூடாது என்பது அவன் கட்டளை. அதிலிருந்து வரும் ஆவி அந்த வாய்க்கு எட்டாமல் நேரே கூரைக்குப் போய்விடும். மூடியை வாயின் பக்கமாகச் சாய்த்து வைத்தால்தான் கொஞ்சமாவது இறங்கும். ஒரு அம்மாள் ஒருமுறை கேட்டேவிட்டாள்: “சூப் வெச்சா என்ன ஆகும்?”

“இந்தக் காலத்துல யாரும்மா வீட்ல சூப் வைக்கிறாங்க?” என்று சிரித்தான் எகோன். எங்கள் ஊரில் சூப் வைக்காத வீடே கிடையாது. அந்த அம்மாள் வெட்கப்பட்டுப்போய், ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டவள் போல வாங்கிவிட்டாள். மனிதர்களைக் கூச வைத்து விற்பதில் அவனுக்கு இணையே இல்லை.

அவன் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஓரவஞ்சனை செய்ததாக ஆகும். அவன் அம்மா ஹெட்விக் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினாள். வறுத்த வெங்காயத்தைக் குவித்துப் போட்ட மாட்டிறைச்சிதான் அங்கே பேர்போனது. கடைக்கு மேலேயே வீடு. எகோனின் சட்டை, தலைமயிர், புத்தகப்பை எல்லாவற்றிலும் வெங்காய வாசம் ஊறிக் கிடக்கும். பள்ளியில் அவனுக்கு ‘வெங்காயம்’ என்றுதான் பேர். அந்தப் பேரை வைத்தது அவனோடு படித்த குன்லெ. பிற்பாடு இதே எகோனின் கடை விற்ற சமையலறைகளை வீடுகளில் பொருத்தித் தந்தவனும் அந்த குன்லெதான். அவமானப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் நல்ல மனிதர்களாக வளர்ந்திருக்கிறார்கள். எகோன் மூக்காக வளர்ந்தான். ஷோரூமுக்குள் வரும் வாடிக்கையாளரை முதலில் முகர்ந்து பார்ப்பான். வெளியே போனதும், “அந்தாளு வீட்ல கொழுப்புல வறுக்கிறாங்க” என்பான், ஏதோ கொலைக் குற்றத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி. கடையை மூடிவிட்டு முதியோர் இல்லத்தில் இருந்த தன் அம்மாவைப் பார்க்கப் போனால், திரும்பி வந்ததும் கோட்டைத் துவைக்கப் போடுவான்.

கையில் காசு சேர்ந்ததும் அவனும் சரிவின் மேலே வீடு கட்டினான். திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடி ஒரே பெரிய கூடம். அதன் நடுவில் சமையல் மேடை. மூன்று கண்ணாடி அடுக்கு கொண்ட ஜன்னல்கள், காற்றுப் புக ஒரு மயிரிழை இடமில்லாதவை. அவன் மனைவி ஹைக்கே ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கூடத்தின் மூலையில் விறகு எரிக்கிற கணப்பு வேண்டும் என்றாள். குளிர்காலத்தில் நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. எகோன் ஒத்துக்கொண்டான். கணப்பு வைத்த வீடு புகைப்படத்தில் நன்றாக இருக்கும் என்பது அவன் கணக்கு.

தரை போடுவதற்கு முன்னால் குன்லெ வந்து வரைபடத்தைப் பார்த்தான். சமைக்கிறவளுக்கு மேடை எப்படி அமைந்தால் வசதி என்று என்னிடம் கேட்பதற்காக எகோன் என்னையும் கூட்டிப் போயிருந்தான். அதனால் அந்தப் பேச்சு முழுதும் என் காதில் விழுந்தது.

“குழாய் எந்தப் பக்கமா வெளிய போவுது?” என்றான் குன்லெ.

“பின்பக்கமா. ரோஸ்மேரிப் புதருக்குப் பின்னால. தெருப் பக்கம் ஒரு ஓட்டை தெரியக் கூடாது.”

“பின்பக்கம்னா வீட்டையே சுத்தி வரணும்டா. நாலு வளைவு வரும். ஒவ்வொரு வளைவுலயும் காத்து மூச்சு வாங்கும், கொழுப்பு தங்கும். பக்கத்துச் சுவர் வழியா நேரா விடு. அகலமான, வழுவழுப்பான குழாய். நடுவுல குறுக்கக் கூடாது, மடக்குற குழாய் ஆகவே ஆகாது. வெளி வாய்ல காத்துத் திரும்பாத மூடி. நடுவுல தொறந்து சுத்தம் பண்ண ஒரு இடம். தரைக்குள்ள சூடு பண்ற தண்ணிக் குழாய் எங்க ஓடுதுன்னு காட்டு, அப்பறம்தான் துளை போடுவேன். கரண்டுக்குத் தனி லைன், அத மின்காரன் மட்டும்தான் தொடணும்.”

“சரி, சரி. பக்கத்துச் சுவராவே இருக்கட்டும்.”

“இப்போ முக்கியமான விஷயம். அந்த மூலைல என்ன?”

“கணப்பு. ஹைக்கே கேட்டா.”

குன்லெ பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். “உன் விசிறி காத்த வெளிய தள்ளும். ஜன்னல் எல்லாம் இறுக்கம். தள்ளின காத்துக்குப் பதிலா எங்கிருந்து காத்து வரும்? கணப்போட புகைபோக்கி வழியாத்தான் வரும். மேல போக வேண்டிய புகை உன் கூடத்துக்கு வரும். அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கும். ஆளையே முடிச்சிடும்.”

“அதுக்கு?”

“மூணு வழி இருக்கு. ஒண்ணு, காத்த வெளிய தள்ளாம கரி வடிகட்டில சுத்தம் பண்ணி உள்ளயே விடு. ரெண்டாவது, வெளியிலருந்து தனிக் குழாய்ல காத்து வாங்குற மூடின கணப்பா வாங்கு. மூணாவது, ஜன்னல்ல ஒரு சென்சார் வை. ஜன்னல் தொறந்திருந்தாத்தான் விசிறி ஓடும்.”

“வடிகட்டியா? நாத்தத்தக் கழுவி எனக்கே திருப்பித் தரதா? வேண்டாம். கணப்பும் ஆர்டர் குடுத்தாச்சு. சென்சாரே போடு.”

“போடுறேன். ஆனா குளிர்லயும் ஜன்னலத் தொறந்து வெச்சுத்தான் வறுக்கணும். உனக்குச் சரிப்படுமா, வெங்காயம்?”

எகோனின் முகம் சிவந்தது. “நீ வேலையப் பாரு” என்றான்.

குன்லெ வேலையைப் பார்த்தான். முடிந்ததும், எங்கள் வட்டாரப் புகைபோக்கிகளுக்குப் பொறுப்பான யூத்தா ராப் வந்தாள். கறுப்பு உடுப்பு, கன்னத்தில் கரி, யார் வீடானாலும் ஒரே குரலில் பேசுகிற பெண். அவள் அனுமதி தராமல் கணப்பைப் பற்றவைக்கக் கூடாது. ஜன்னலை மூடி விசிறியைப் போட்டாள், ஓடவில்லை. ஜன்னலைச் சாய்த்துத் திறந்தாள், ஓடியது. கருவியை வைத்துக் காற்றழுத்தம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

“கூடத்துல ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டிக்குங்க” என்றாள்.

“என் வெள்ளக் கூரைல பிளாஸ்டிக் வட்டமா? உங்கள மாதிரி ஆளுங்க புது வருஷத்துல அதிர்ஷ்டம் குடுக்கத்தான் வருவீங்கன்னு நெனச்சேன்” என்றான் எகோன். புகைபோக்கி துடைப்பவரைப் புத்தாண்டில் பார்த்தால் அதிர்ஷ்டம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

“அதிர்ஷ்டம் வேற கடைல விக்கிறாங்க” என்று சொல்லிவிட்டு அவள் ஏணியை எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் குளிர் வந்ததும் எகோனுக்குத் தாங்கவில்லை. அவ்வளவு விலை கொடுத்து இறுக்கமான ஜன்னல் வாங்கிவிட்டு, ஹைக்கே உருளைக்கிழங்கு வறுக்கும்போதெல்லாம் அதைத் திறந்து வைப்பதா? தவிர, திறந்த ஜன்னல் வழியாகக் கீழ் வீட்டு முட்டைகோஸ் வாசனை உள்ளே வந்தது. ஒருநாள் ஹைக்கே கடைக்குப் போயிருந்தபோது ஜன்னலிலிருந்து சென்சாரைக் கழற்றிக் கரண்டி வைக்கிற இழுப்பறைக்குள் போட்டான். ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கிறது என்று அந்தச் சின்னப் பெட்டி நம்பிக்கொண்டது. விசிறி அதன் பேச்சைக் கேட்டு எப்போது வேண்டுமானாலும் ஓடியது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட, “மென்பொருள மாத்திட்டேன்” என்றான். அவள் நம்பினாள். சமையலறை விற்பவன் சொல்கிறானே.

டிசம்பர் ஞாயிறு ஒன்றில், தன் வீட்டையே கடையாக்குவதென்று முடிவெடுத்தான். நகரத்துப் பல் டாக்டர் ஒருவரும் அவர் மனைவியும் மிக விலையான சமையலறை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தான். சமைக்க என்னை வரச் சொன்னான். அம்மா ஹெட்விக்கையும் முதியோர் இல்லத்திலிருந்து கூட்டி வந்திருந்தான். பாசத்தினால் அல்ல. அம்மா நடத்திய கடையின் வெங்காய இறைச்சிகூட இந்த வீட்டில் வாசனையே இல்லாமல் தயாராகிறது என்று காட்டுவதற்காக. பெற்றவளை அவன் விளம்பரப் பலகையாக உட்காரவைத்தான்.

ஹெட்விக் குளிர் தாங்காதவள். கணப்புக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

“உர்செல், வெங்காயத்த மெதுவாப் போடு. அவசரப்பட்டா கசந்துபோகும்” என்று அங்கிருந்தே என்னிடம் சொன்னாள்.

“சரிம்மா” என்றேன்.

நான் வறுக்க ஆரம்பித்தேன். விசிறி புகையை அழகாக இழுத்துக்கொண்டது. பல் டாக்டரின் மனைவி மேடையில் கன்னத்தை வைத்துப் பார்த்து வியந்தாள். எகோன் ஒயின் ஊற்றினான். கணப்பில் நெருப்பு மட்டும் சோம்பலாக எரிந்தது. பளிச்சென்று சுறுசுறுப்பாக இல்லாமல், மங்கிய சிவப்பாகத் தள்ளாடியது. கண்ணாடிக் கதவில் கறுப்புப் படிந்துகொண்டிருந்தது. விறகு ஈரமாக இருக்கும் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஹெட்விக் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “எகோன், தலை விண்விண்ணுன்னு இருக்குடா. ஏதோ வாடை அடிக்குது.”

வாடை என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் சிரிப்பு செத்துவிட்டது. விருந்தாளிகள் முன்னால், அவன் வீட்டில், வாடையா!

“உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு. வெங்காயமா இருக்கும்” என்றான். என்னை முறைத்தான். பிறகு கையை நீட்டி விசிறியைக் கடைசி வேகத்துக்கு ஏற்றினான்.

அந்த வீட்டில் அவன் செய்த எல்லா முட்டாள்தனத்திலும் அதுதான் பெரியது. விசிறி இன்னும் கொஞ்சம் காற்றை வெளியே தள்ளியது. புகைபோக்கி வழியாக இன்னும் கொஞ்சம் புகை கீழே வந்தது. பல் டாக்டர் கண்ணைத் தேய்த்துக்கொண்டே, “இந்த ஒயின் சரியான கனம்ங்க” என்றார். அவர் மனைவி சிரிக்க முயன்று, குமட்டி, வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் என் கையிலிருந்த கரண்டி யாருடையதோ போலத் தோன்றியது. ஹெட்விக் சத்தமில்லாமல் நாற்காலியிலிருந்து சரிந்தாள். சால்வை முதலில் விழுந்தது, பிறகு அவள்.

ஹைக்கே “அத்தை!” என்று ஓடினாள். எகோன் நின்ற இடத்திலேயே நின்று, “அவங்க காலைல சாப்பிடலயோ என்னவோ” என்றான். விருந்தாளிகளிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில்!

நான் விசிறியை அணைத்தேன். தோட்டப் பக்கத்துக் கண்ணாடிக் கதவைப் பிடித்து இழுத்தேன். யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல நகர மறுத்தது. ஹைக்கே வந்து கூடவே இழுத்தாள். கதவு விலகியதும் குளிர் காற்று ஒரு மாடு முட்டுவது மாதிரி உள்ளே பாய்ந்தது. மேசையிலிருந்த காகிதத் துண்டுகள் எல்லாம் பறந்தன.

“எல்லாரும் வெளிய! பெரியம்மாவத் தூக்குங்க!” என்று கத்தினேன்.

நானும் ஹைக்கேயும் ஹெட்விக்கை இழுத்துப் பனியில் கிடத்தினோம். டாக்டர் தன் மனைவியைத் தாங்கி வந்தார். கடைசியாக வந்தவன் எகோன். வரும்போது தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தான்.

ஹைக்கே போனில் அழைத்த தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு உள்ளே போய் அளந்து பார்த்தார்கள். ஹெட்விக்குக்கு ஆக்சிஜன் வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். டாக்டரின் மனைவியையும் கொண்டுபோனார்கள். வீட்டைக் காற்றோட்டமாக்கி முடித்த பிறகு, அவர்களின் தலைவன் எங்களை வாசலில் நிறுத்திக் கேட்டான்.

“கணப்பு இருக்கு, வெளிய தள்ளுற விசிறி இருக்கு. ஜன்னல் சென்சார் எங்க?”

“இருக்கு” என்றான் எகோன்.

“எங்கங்க இருக்கு? ஜன்னல்ல ரெண்டு ஆணித் துளைதான் இருக்கு.”

எகோன் என்னைப் பார்த்தான், ஹைக்கேயைப் பார்த்தான். யாராவது அவனுக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா என்று அவன் கண் கெஞ்சியது. பிறகு உள்ளே போய் இழுப்பறையைத் திறந்தான். கரண்டிகளுக்கும் முள்கரண்டிகளுக்கும் நடுவே அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி கிடந்தது. அதன் பச்சை விளக்கு மினுங்கியது. ஹைக்கே எட்டிப் பார்த்தாள்.

“மென்பொருளா?” என்றாள்.

அவள் அவன் தோளில் கைவைத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஹெட்விக் பிழைத்துக்கொண்டாள். மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எகோனும் அங்கே நின்றிருந்தான். படுக்கைக்கு ரொம்பத் தள்ளி, கதவோரம்.

“அம்மா, அந்த வாயுவுக்கு நெறமும் இல்ல, வாசனையும் இல்ல. யாரா இருந்தாலும் கண்டுபிடிச்சிருக்க முடியாது” என்றான்.

“நான்தான் வாடை அடிக்குதுன்னு சொன்னேனேடா” என்றாள் ஹெட்விக்.

“அது புகையோட வாடைம்மா. வாயுவோடது இல்ல.”

கிடந்த இடத்தில் இருந்தபடியே அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “என் கடைல எத்தன பேரு சாப்பிட்டிருப்பாங்க. எல்லாரும் நாறிக்கிட்டே வீட்டுக்குப் போனாங்க. ஒருத்தன்கூட ஆம்புலன்ஸ்ல போகல. நீ போ, எகோன். உன் கோட்டுல ஆஸ்பத்திரி வாசன ஒட்டிக்கப் போகுது.”

அவன் போய்விட்டான். உண்மையாகவே போய்விட்டான். இருந்து அவள் கையைப் பிடித்திருந்தால் அவனைப் பற்றி நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

வழக்கு நடந்தது. அபராதம் போட்டார்கள். பல் டாக்டர் எங்கள் ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஹைக்கே வீட்டைவிட்டுப் போகவில்லை. அவள் எடுத்த முடிவு வேறு. குன்லெயைத் தானே கூப்பிட்டுச் சமையலறையைத் திருத்தச் சொன்னாள். சுவரிலிருந்த குழாய் வாயை அடைத்து, மேடைக்கு அடியில் கரி வடிகட்டி வைத்து, காற்று உள்ளேயே திரும்பும்படி செய்தார்கள். வடிகட்டியை எப்போது மாற்ற வேண்டும், காற்று திரும்பி வர மேடையின் அடியில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று குன்லெயிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கணப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. வெள்ளைக் கூரையில் அலாரம் ஏறியது. யூத்தா ராப் வந்து சோதித்தபோது எகோன் கார் கொட்டகையில் ஏதோ வேலையாக இருந்தான்.

“உன் புருஷன் என்ன சொல்றான்?” என்று குன்லெ கேட்டானாம்.

“அவன் சொல்றத நான் இப்போ கேக்குறதில்ல” என்றாளாம் ஹைக்கே. குன்லெதான் பிறகு என்னிடம் சொன்னான்.

நான் அந்த மாதமே வேலையை விட்டேன். ராஜினாமா கொடுத்தபோது எகோனுக்கு ஆச்சரியம். “ஏன் உர்செல், உனக்கு நான் என்ன கொற வெச்சேன்?” என்று கேட்டான். நடிப்பில்லை, நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. “ஒண்ணும் இல்ல, முதலாளி” என்று சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றி வைத்தேன்.

இதோடு ஊர் அவனைத் தூக்கி எறிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வசந்தமும் ஒரு கோடையும் அவன் கடையில் கூட்டம் இல்லை. பிறகு கண்ணாடியில் ஒரு புது வாசகம் ஒட்டினான்: ‘பாதுகாப்பான காற்று. அனுபவத்தில் கற்றது.’ வருகிறவர்களிடம் தன் கதையைத் தானே சொல்ல ஆரம்பித்தான். குரல் தழுதழுக்க, “என்னப் பெத்தவளயே இழக்க இருந்தேன்” என்பானாம். சென்சாருக்கும் அலாரத்துக்கும் தனி விலை. இழுப்பறை மட்டும் அந்தக் கதையில் வராது. ஏதோ ஒரு கருவி பழுதாகிவிட்டதாக வரும். கேட்பவர்கள் கண்கலங்கி இரண்டு அலாரமாக வாங்கிப் போனார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் வணிகர் சங்கம் நகர மண்டபத்தில் அவனைப் பேச அழைத்தது. குன்லெ கூப்பிட்டதால் நானும் போனேன். பின் வரிசையில் யூத்தா ராப்பும் இருந்தாள். எகோன் நன்றாகத்தான் பேசினான். கணப்புள்ள வீட்டில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. அத்தனையும் குன்லெ அன்று வரைபடத்தின் முன்னால் சொன்னவை. சொல் மாறாமல் அப்படியே ஒப்பித்தான்.

முடிந்ததும் யூத்தா கை தூக்கினாள். “ஒரு கேள்வி. பழுதான அந்தக் கருவி என்ன கருவிங்க?”

மண்டபத்தில் இருந்த எல்லோரும் அவனையே பார்த்தார்கள். எகோன் தண்ணீர் குடித்தான்.

“தொழில்நுட்ப விவரம் எல்லாருக்கும் சலிப்பா இருக்கும். வெளிய பிஸ்கட்டும் காபியும் இருக்கு, அங்க பேசலாம்” என்றான்.

பிஸ்கட் என்றதும் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. கைதட்டலும் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாருக்காவது கைதட்டியாக வேண்டும்.

“கேட்டியா? என் பேச்ச என்கிட்டயே வித்துட்டான்” என்று குன்லெ என் காதில் சொன்னான். யூத்தா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நேரே எகோனை நோக்கி நடந்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டான். விழாவுக்கு வந்திருந்த மேயரின் தோளைப் பிடித்துக்கொண்டு, மிக முக்கியமான எதையோ சொல்பவன் போல, எதிர்ப்பக்கக் கதவு வழியாக வெளியேறினான்.